வெளியே உட்கார வைத்த குழந்தை

சிகுசாவின் கோபம் ஹிகாஷி ஒசாகாவில் அந்தத் தெரு முழுக்கப் பிரசித்தம். கட்டடத்தின் கீழே போல்ட்டு நட்டு செய்யும் பட்டறை, மூன்றாவது மாடியில் வீடியோ கேம் செய்யும் சின்னக் கம்பெனி. மேலே அவள் குரல் உயர்ந்தால் கீழே பட்டறைக்காரர்கள் மெஷினை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வார்கள். "முதலாளி இன்னைக்கு மாட்டிக்கிட்டாரு" என்று தங்களுக்குள் சிரித்துவிட்டு மறுபடி மெஷினை ஓட்டுவார்கள்.

அவள் வேலை எழுதுவது. எழுத்தாளர் என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. கேமுக்குள் வரும் கடைக்காரன் என்ன பேசுகிறான், வாளின் உறையில் என்ன பொறித்திருக்கிறது, சாகப்போகும் அரக்கன் கடைசியாக யாரைத் திட்டுகிறான், இதையெல்லாம் யாராவது ஒருவர் உட்கார்ந்து எழுதத்தானே வேண்டும்? பள்ளிக்கூடம் முடித்த கையோடு அந்த மேசைக்கு வந்தவள், கணக்கில்லாத கத்திகளுக்கும் கஷாயங்களுக்கும் பெயர் வைத்தாள். அவள் பெயர் மட்டும் கேம் முடிந்தபின் ஓடும் பட்டியலில், எல்லாரும் டிவியை அணைத்த பிறகு, பொடி எழுத்தில் வரும். அதில் அவளுக்கு வருத்தம் கிடையாது. வேலை பிடித்திருந்தது, கட்டியவனையும் பிடித்திருந்தது, அதற்குமேல் என்ன என்று இருந்தாள்.

கட்டியவன் நோரியோ லாரி ஓட்டினான். வீட்டில் இருக்கும் நாட்களில் மகள் மினோரியை மடியில் வைத்துக்கொண்டு, பெண்டாட்டி கம்பெனி செய்த கேமை விளையாடுவான். விளையாடத் தெரியாது, தடியனாக முன்னே போய் அடிவாங்கிச் சாவான். மகள் அவனுக்கு மருந்து கொடுத்து எழுப்புவாள். அந்த மருந்துக்கு 'விடியல் துளி' என்று பெயர். 'ஒரு துளி போதும். போன உயிர் திரும்பி வரும்' என்று குப்பியின் மேல் எழுதியிருக்கும். அந்த வரியை எழுதியது சிகுசாதான். ஒரு மத்தியானம், சாப்பிடப் போகும் அவசரத்தில், யோசிக்காமல் எழுதிப் போட்டது.

நோரியோ செத்தது நெடுஞ்சாலை ஓரத்து லாரி நிறுத்தத்தில். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது, தலை ஸ்டியரிங்கில் சாய்ந்திருந்தது. மாரடைப்பு என்றார்கள். மினோரிக்கு அப்போது ஆறு வயது.

வீட்டில் கொண்டுவந்து கிடத்திய அப்பாவைப் பார்த்துக் குழந்தை அழவில்லை. அதுவே சிகுசாவைக் கலக்கியது. மறுநாள் காலையில் குழந்தையைக் காணோம். வந்தவர்கள் எல்லாரும் தெருத்தெருவாகத் தேட ஆரம்பித்த நேரத்தில், முனை மருந்துக்கடைக்காரர் அவள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"உங்க பொண்ணு ஏதோ துளி மருந்து கேக்குதும்மா. எனக்கு ஒண்ணும் புரியல" என்றார் அவர், செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றபடி.

"இவரு கடையில இல்லையாம்மா" என்றாள் மினோரி. "நீதானே எழுதுன? எங்க கிடைக்கும்னு நீயே சொல்லு."

சிகுசா குனிந்தாள். குழந்தையின் சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டுவிட்டாள், அவ்வளவுதான் முடிந்தது.

எரியூட்டும் இடத்தில் நோரியோவின் அக்கா நல்ல மனதோடுதான் சொன்னாள். "எலும்பு எடுக்கற எடத்துக்குச் சின்னப் புள்ள எதுக்கு? வெளிய பெஞ்சுல உக்காரட்டும். அரிசி பிஸ்கட் வாங்கி வெச்சிருக்கேன்."

சிகுசா சரி என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். பெஞ்சில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்த மகளைப் பார்த்தாள். அந்தப் பிள்ளையின் கண் வாசல் பக்கமே இருந்தது. இன்னும் யாராவது அந்தக் குப்பியோடு வருவார்கள் என்று காத்திருக்கிறது.

"அவ அப்பா. அவளும் எடுக்கட்டும்" என்று சொல்லிக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள்.

எரிந்து மிஞ்சிய எலும்புகள் கிடந்த தட்டில் இன்னும் சூடு இருந்தது. அவற்றை எடுத்துக் கலசத்தில் வைக்க, சாப்பிடும் குச்சிகளைப் போல, குழந்தையின் கையில் ஒரு மூங்கில் குச்சியும் ஒரு மரக்குச்சியும் கொடுத்தார்கள். சாவுக்கு மட்டும்தான் இப்படிச் சேராத ஜோடி. தாயும் மகளும் எதிரெதிரே நின்று, ஒரே எலும்பை இரண்டு பேர் குச்சியாலும் சேர்த்துத் தூக்கினார்கள். காலில் தொடங்கித் தலைக்குப் போகவேண்டும், இல்லையென்றால் கலசத்துக்குள் அப்பா தலைகீழாக நிற்கவேண்டி வரும் என்று அங்கிருந்த ஆள் சொன்னதும் மினோரி பதறிவிட்டாள். அதற்குப் பிறகு அவள் காட்டிய கவனம் பெரியவர்கள் யாருக்கும் இல்லை.

"வலிக்காதா?"

"வலிக்காது."

"இது அப்பாதானா?"

"அப்பாதான்."

"எவ்ளோ கனமா இருப்பாரு. லேசாயிட்டாரேம்மா."

கடைசியாகத் தொண்டை எலும்பு. கைகூப்பி உட்கார்ந்திருக்கும் ஆள் மாதிரி இருக்கும் அது, ரொம்ப நெருங்கியவர்கள் எடுக்கவேண்டியது. அதையும் இருவருமாகவே எடுத்து மேலே வைத்தார்கள். ஒசாகா வழக்கப்படி சின்னக் கலசம். அது நிறைந்ததும் மிச்சத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள். வண்டியில் வரும்போது மினோரி கலசத்தை மடியில் வைத்துக்கொண்டு, அப்போதுதான் முதல் தடவையாக, ஓவென்று அழுதாள். துக்கம் அன்றோடு தீர்ந்துவிடவில்லை. ஆனால் தேடுவது நின்றுவிட்டது. அந்த மருந்தைப் பற்றி அவள் பிறகு கேட்கவே இல்லை.

செத்தவர்கள் திரும்பி வராத ஒரு கேம் செய்யவேண்டும் என்று சிகுசா பிடித்த பிடி அன்றைக்கு ஆரம்பித்தது. முதலாளி கடாகிரி டோக்கியோக்காரர், சாது, யாரிடமும் முடியாது என்று சொல்லத் தெரியாதவர். அவளிடமும் சொல்லத் தெரியாமல் பல வருஷம் மழுப்பிப் பார்த்தார். கடைசியில் வேறு வழியில்லாமல் தலையாட்டினார். அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"எலும்பு எடுக்கற காட்சியில நான் சொல்லாம ஒருத்தரும் கை வைக்கக்கூடாது, முதலாளி. சம்பளம் கூட்ட வேணாம், இதுக்கு மட்டும் வாக்குக் கொடுங்க."

"கொடுத்தேன்" என்றார் அவர். எழுத்தில் எதுவும் இல்லை. இடுப்பு வளையக் குனிந்து நிமிர்ந்தார். அவள் அதை நம்பினாள்.

கேமின் பெயர் 'சுமந்து நடந்தவர்கள்'. சின்னக் கூட்டம் ஒன்று தூரத்துக் கடற்கரைக்கு நடக்கிறது. வழியில் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். செத்தால் செத்ததுதான். எரித்து, எலும்பெடுத்து, கலசத்தில் சுமந்துகொண்டு நடக்கவேண்டும். கூட்டத்தில் நசுனா என்று ஆறு வயதுப் பெண் ஒருத்தி. எலும்பெடுக்கும்போது விளையாடும் இரண்டு பேர் ஆளுக்கொரு ஆட்டக் கருவியைப் பிடித்துக்கொண்டு சேர்ந்து தூக்கவேண்டும்; ஒருவர் அவசரப்பட்டால் எலும்பு நழுவிவிடும். நசுனாவின் குச்சி எப்போதும் ஆட்டக்காரர் கையில்தான். நாட்டில் எத்தனையோ வீடுகளில் இரண்டு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் காட்சியைச் செய்தார்கள். அழுதவர்கள் உண்டு, வயிற்றெரிச்சலோடு கேமைத் திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு.

திட்டும் வந்தது. வேடிக்கை என்னவென்றால், முதல் திட்டு டோக்கியோ பக்கத்திலிருந்து வந்தது. அங்கே பெரிய கலசம், ஒரு துணுக்கு விடாமல் எல்லாவற்றையும் எடுப்பார்கள். "சொந்தக்காரனைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிற ஈவிரக்கமில்லாத கேம்" என்று எழுதித் தள்ளிவிட்டார்கள். கடாகிரிக்கே மனத்தாங்கல்.

"எங்க அப்பாவ நான் ஒரு தூள் விடாம எடுத்தேன், சிகுசா-சான். நீங்க மிச்சத்தை விட்டுட்டு வர்றீங்களே, எப்படி மனசு வருது?"

"எங்க ஊர்ல செத்தவங்கள மூட்டை கட்டித் தூக்கிட்டு அலைய மாட்டோம், முதலாளி. தொண்டை எலும்பு இருந்தா ஆள் இருக்காரு."

இணையத்தில் டோக்கியோக் கிழக்கும் ஒசாகா மேற்கும் மாதக்கணக்கில் கட்டிப் புரண்டன. சிகுசா எல்லாவற்றையும் படித்தாள், பலருக்குப் பதில் எழுதினாள். பிறகு கேமில் ஒரு மாற்றம் செய்தாள்: பெரிய கலசம் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் நடை தளரும். எல்லாரையும் முழுசாகச் சுமப்பவர்கள் மலையேறும் இடத்தில் மூச்சு வாங்கி நின்றுவிடுவார்கள். டோக்கியோக்காரர்கள் மூச்சு வாங்கிக்கொண்டே ஏறினார்கள், பெருமையோடு. அதைப் பார்த்து அவளுக்கு அவர்கள்மேல் மரியாதையே வந்தது.

இப்படி இருக்கும்போதுதான் கடல் தாண்டியிருந்த ஒரு கம்பெனி கேட்டது. தங்கள் மொழியில் ஆக்கித் தங்கள் நாட்டில் விற்கிறோம் என்றார்கள். கடாகிரி அன்று பட்டறைக்காரர்களுக்கெல்லாம் பலகாரம் வாங்கிக் கொடுத்தார். போன வருஷம் விட்ட வேறொரு கேம் ஓடவில்லை, இது கைகொடுத்தால்தான் அடுத்தது என்ற நிலை. பிறகு திருத்தங்கள் வந்தன. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த மியோஷி என்ற இளைஞன்தான் அவர்களோடு பேசுவதெல்லாம். அவன் அதைத் தயங்கித் தயங்கிப் படித்துச் சொன்னான்.

"எலும்பு வேணாம், சாம்பல் போதுமாம்க்கா. குச்சி வேண்டவே வேணாமாம். அங்க நாலஞ்சு பேரை வெச்சு விளையாட விட்டுப் பாத்திருக்காங்க. அதுல ஒருத்தர், 'ஏன் இவங்க அந்த ஆளைச் சாப்பிடறாங்க?'ன்னு கேட்டாராம்."

சிகுசா சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். சாப்பாட்டு மேசையில் ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்குத் துண்டு கைமாறினால், அது எலும்பெடுக்கும் செய்கை என்று முதுகில் அடி விழும் ஊரில் வளர்ந்தவளுக்கு இது சிரிப்பில்லாமல் என்ன?

"அவங்க ஊர்ல எரிச்சதும் எலும்ப மெஷின்ல அரைச்சுப் பொடியாத்தான் கொடுப்பாங்க. அதனால புரியலக்கா."

"அரைப்பாங்களா? மனுஷனயா? என்னடா இது, எள்ளா?"

"இன்னொண்ணு இருக்கு" என்றான் மியோஷி. குரல் இறங்கியது. "அந்தக் குழந்தை. நசுனா அந்த எடத்துலயே இருக்கக்கூடாதாம். குழந்தைய எலும்பெடுக்க வெச்சா பெரியவங்களுக்கு மட்டும்னு முத்திரை குத்திடுவாங்களாம். அப்படிக் குத்துனா எந்தப் பெரிய கடையும் வாங்கி வைக்காதாம். நசுனா வெளிய உக்காரட்டும்னு சொல்றாங்க."

சிகுசாவின் சிரிப்பு அந்த இடத்தில் நின்றது. கீழே பட்டறையிலும் மெஷின் நின்றது.

அந்த வாரமே அவர்களோடு திரையில் பேச்சுவார்த்தை. சிகுசா வாயே திறக்கவில்லை, முகம் மட்டும் போதுமானதாக இருந்தது. கடாகிரி அந்த முகத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நல்லபடியா யோசிச்சுப் பாக்கறோம்" என்றார். மியோஷி அதை அப்படியே மொழிபெயர்த்தான்.

ஒசாகாவிலோ டோக்கியோவிலோ யாராவது 'நல்லபடியா யோசிக்கிறோம்' என்றால் கேட்டவர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அதற்கு ஒரே அர்த்தம்தான்: நடக்காது, போய் வாருங்கள். முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வது கன்னத்தில் அறைவதற்குச் சமம், அதனால் இப்படி. அறையில் இருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும். சிகுசா அன்று முதலாளிக்குத் தன் கையால் டீ போட்டுக் கொடுத்தாள். வாக்கைக் காப்பாற்றிவிட்டார் மனுஷன் என்று நினைத்தாள்.

திரைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களிடம் குடை கிடையாது. 'நல்லபடியா' என்றால் நல்லபடிதான் என்று எடுத்துக்கொண்டார்கள். ஆள் போட்டு, இரண்டு மாதம் வேலை பார்த்து, மாற்றிய காட்சியை அனுப்பியும் வைத்துவிட்டார்கள்.

அலுவலகத்தில் எல்லாரும் நின்று பார்த்தார்கள். அழகாகத்தான் செய்திருந்தார்கள், அதைச் சொல்லத்தான் வேண்டும். மூடிய கதவு. வெளியே ஒரு மரப்பெஞ்சு. அதில் நசுனா காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஒரு பட்டாம்பூச்சி வருகிறது, அவள் சிரிக்கிறாள். கதவு திறந்து பெரியவர்கள் கலசத்தோடு வருகிறார்கள், உருக்கமாக இசை வருகிறது, அவ்வளவுதான்.

யாரும் அந்தக் கம்பெனிக்குப் பெஞ்சைப் பற்றிச் சொல்லவில்லை. அவர்களாகவே பெஞ்சுக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். சிகுசா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"நம்ம அன்னைக்கு முடியாதுன்னுதானே சொன்னோம்?" என்றாள்.

கடாகிரி தலையைச் சொறிந்தார். "சொன்னோம். அவங்களுக்கு அது போய்ச் சேரல. இப்ப வேலையே முடிச்சுட்டாங்க, சிகுசா-சான். இவ்வளவு தூரம் செஞ்சவங்கள வேணாம்னு சொல்றது மரியாதையா? ஒரு காட்சிதானே? நம்ம ஊர்ல நம்ம காட்சி நம்மகிட்டயே இருக்கப்போவுது. அங்க இருக்கறவங்களுக்கு இது போதும்."

"போதுமா?"

"அடுத்த கேம் வேணாமா நமக்கு? இந்தப் பசங்களுக்கு வேலை வேணாமா?" மேசைகளைக் கைகாட்டினார் அவர். "நான் வாக்குக் கொடுத்தவன். நீங்க சரின்னு சொல்லாம கையெழுத்துப் போட மாட்டேன். அதனாலதான் கெஞ்சறேன். நாளைக்குக் காலையில திரும்பப் பேசறாங்க. சரின்னு சொல்லுங்க."

சும்மா மிரட்டினால் சிகுசா சமாளித்திருப்பாள். நல்ல மனிதர் கெஞ்சினால் என்ன செய்வது? அவள் அந்தக் காட்சியைத் தன் மடிக்கணினியில் ஏற்றிக்கொண்டு, வழக்கத்துக்கு மாறாகச் சீக்கிரமே வீட்டுக்குப் போனாள்.

மினோரிக்கு இப்போது பத்தொன்பது. பல் மருத்துவர் ஒருவரிடம் உதவியாளர். அம்மாவின் கோபம் அப்படியே இறங்கியிருக்கிறது, அப்பாவின் சிரிப்பும். சிகுசா ஒன்றும் சொல்லாமல் காட்சியைப் போட்டுக் காட்டினாள். மினோரி துணி மடித்துக்கொண்டே பார்க்க ஆரம்பித்தாள், பட்டாம்பூச்சி வந்ததும் மடிப்பதை நிறுத்தினாள்.

"இது யாரு?"

"நசுனா."

"நசுனா இல்ல. நான்." மினோரி திரையைத் தள்ளினாள். "எதுக்கு என்ன வெளிய உக்கார வெச்சிருக்காங்க?"

"சின்னப் புள்ளைக்குப் பயமா இருக்குமாம். பாக்கறவங்களுக்கும் பிடிக்காதாம்."

"பயமா? எனக்கு அந்த ரூமுக்குள்ள போனப்புறம்தான்மா பயம் போச்சு. வெளிய உக்காந்திருந்தப்பதான் பயமா இருந்துச்சு." மடித்த துணியை மறுபடி உதறினாள் அவள். "அன்னைக்கு அத்தை சொன்னத நீ கேட்டிருந்தா, நான் இன்னும் மருந்துக்கடை மருந்துக்கடையா ஏறி இறங்கிட்டுத்தான் இருந்திருப்பேன். நெஜமாத்தான் சொல்றேன். நீ சரின்னு சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல. முதலாளி பாவம்டி. கம்பெனி ஆட்டம் கண்டுபோயிருக்கு."

"பாவம்தான். அதுக்காக என்னத் தூக்கிப் பெஞ்சுல வைப்பியா?"

சிகுசா மடிக்கணினியை மூடி வைத்தாள். அன்று அவள் நன்றாகத் தூங்கினாள்.

மறுநாள் காலை திரையில் வந்தவள் டெனீஸ் என்ற பெண். வில்லி ஒன்றும் இல்லை. நரைத்த தலை, களைத்த கண், பேச்சில் கனிவு. இந்தக் கேமைத் தானே இரண்டு தடவை முழுசாக விளையாடியதாகச் சொன்னாள். தனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் தன் நாட்டில் குழந்தையைப் பிணத்தோடு விளையாட விட்டார்கள் என்றுதான் பேசுவார்கள், கடைக்காரர்கள் தொடமாட்டார்கள் என்றாள். மியோஷி மொழிபெயர்த்தான்.

"நான் ஒண்ணு கேக்கறேன், சொல்லுடா" என்றாள் சிகுசா. "அவங்க கம்பெனி விக்கற மத்த கேம்லாம் நான் பாத்திருக்கேன். ஒரு பட்டனத் தட்டுனா தலை உருளுது. நூறு பேர வெட்டறான், ஆயிரம் பேரச் சுடறான். அதெல்லாம் கடையில மொத வரிசையில இருக்கு. ஒருத்தனக் கொல்றதுக்குப் பட்டன் இருக்கலாம், அவனை எடுத்து வைக்கறதுக்கு மட்டும் இருக்கக்கூடாதா?"

மியோஷி பேசினான். டெனீஸ் மெல்லப் புன்னகைத்துத் தலையசைத்தாள்.

"புரியாதுன்னு சொல்றாங்களே, டோக்கியோக்காரங்களுக்கே புரியல. கேட்டாங்க, திட்டுனாங்க, நாங்க பதில் சொன்னோம், நாங்களும் மாறுனோம். அவங்க ஊர்க்காரங்களுக்குக் கேக்கவே தெரியாதா? கேக்க விடாம வாயில மிட்டாய வெச்சு அடைக்கறது மரியாதையா, அவமானமா?"

மியோஷி மறுபடி பேசினான். டெனீஸ் மறுபடி புன்னகைத்தாள்.

சிகுசாவுக்குப் பொறிதட்டியது. இந்தப் பேச்சைக் கேட்டு இந்த உலகத்தில் ஒருத்தி புன்னகைக்க முடியாது.

"மியோஷி, நான் சொன்னத அப்படியே சொன்னியா?"

"கொஞ்சம்... பதமா சொன்னேங்க்கா."

"எவ்ளோ பதமா?"

"உங்க கருத்துக்கு நன்றி, கவனத்துல வெச்சுக்கறோம்னு..."

அந்தப் பையனைக் குறை சொல்லி என்ன செய்ய? அவனும் இந்த ஊரில் வளர்ந்தவன். திரையில் டெனீஸ் பேனாவை எடுத்துக்கொண்டாள். அப்படியானால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாமா என்று அவள் கேட்பது மொழி தெரியாமலேயே எல்லாருக்கும் புரிந்தது.

சிகுசா நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டாள். கேமராவுக்கு நேராக முகத்தைக் கொண்டுபோனாள்.

"நோ" என்றாள்.

அந்த மூன்றாவது மாடியில் அந்தச் சொல்லை இதற்கு முன் யாரும் எந்த மொழியிலும் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. கடாகிரியின் காது சிவந்துவிட்டது. மியோஷி தரையைப் பார்த்தான். டெனீஸ் பேனாவைக் கீழே வைத்தாள்.

"நோ" என்றாள் சிகுசா மறுபடி, இன்னும் கொஞ்சம் உரக்க.

கடாகிரி வாயைத் திறந்தார். "நல்லபடியா..." என்று ஆரம்பித்தார். சிகுசா திரும்பிப் பார்த்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, யாரும் எதிர்பார்க்காமல் எழுந்து நின்று, திரையைப் பார்த்து இடுப்பு வளையக் குனிந்தார். மன்னிப்பா, முடிவா என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரிந்திருக்காது. ஆனால் அவர் அவளை மறுத்துப் பேசவில்லை.

அந்தக் கேம் கடல் தாண்டவில்லை. இன்றுவரை இல்லை. ஏன் வரவில்லை என்பதற்கு அங்கே ஆயிரம் கதை உலாவுகிறதாம்: ரத்தம் அதிகமாம், சாபம் பிடித்ததாம், அரசாங்கமே தடுத்துவிட்டதாம். அவர்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். ஒரு பெஞ்சில் ஒரு குழந்தையை உட்கார வைக்க ஒருத்தி சம்மதிக்கவில்லை, நடந்தது அதுதான். கம்பெனி பாதி இடத்தை விட்டுக்கொடுத்துச் சுருங்கியது. அந்தக் கேமால் கிடைத்திருந்த கதைத்துறைத் தலைமை போய், சிகுசா கைப்பேசி விளையாட்டுகளுக்கு ஒற்றை வரிகள் எழுதும் வேலைக்கு இறங்கினாள். அதில் ஒன்றில் ஒரு மருந்துக் குப்பிக்கு வாசகம் கேட்டார்கள். 'காயம் ஆறும். அதற்குமேல் என்னிடம் கேட்காதே' என்று எழுதிக் கொடுத்தாள். மாற்றச் சொன்னார்கள். மாற்றவில்லை.

ஆனால் அதெல்லாம் பின்னால். அன்று சாயங்காலம் அவள் வீடு வந்தபோது மினோரி அடுப்பில் முள்ளங்கியும் மீன் உருண்டையும் ஆக்டோபஸும் கொதிக்கவிட்டிருந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு ஒரு பியரை உடைத்தாள். சிகுசா நடந்ததையெல்லாம் சொன்னாள். மியோஷியின் பதமான மொழிபெயர்ப்பைச் சொல்லும்போது மினோரி மேசையைத் தட்டிச் சிரித்தாள். கடாகிரி குனிந்ததைச் சொல்லும்போது அம்மாவின் டம்ளரை நிரப்பினாள்.

"வேலை போனாலும் போகும்டி" என்றாள் சிகுசா, சட்டியிலிருந்து குச்சியால் ஓர் ஆக்டோபஸ் துண்டை எடுத்தபடி. துண்டு வழுக்கியது. விழாமல் பிடிக்க மினோரி சட்டென்று தன் குச்சிகளை நீட்டினாள்.

"ஏய்! குச்சிக்குக் குச்சி வாங்காதன்னு எத்தன தடவ சொல்றது? நான் இன்னும் சாகல."

"செத்தா எப்படின்னு இப்பவே சொல்லிடு. சின்னக் கலசமா, பெரிய கலசமா?"

"எங்க முதலாளியக் கேட்டா ஒரு தூள் விடாம எடும்பாரு."

"உன்ன முழுசா தூக்கிட்டு என்னால மலையேற முடியாதும்மா. நீ எழுதுன கேம்தானே, உனக்குத் தெரியாதா? தொண்டை எலும்பு மட்டும் எடுத்துக்கறேன்."

"மிச்சத்தையெல்லாம் விட்டுடுவியா, பாவி?"

"விட்டுடுவேன். இன்னைக்கு 'நோ'ன்னு சொன்னது அந்தத் தொண்டைதானே? அது போதும் எனக்கு." மினோரி துண்டைக் கையாலேயே எடுத்து அம்மாவின் கிண்ணத்தில் போட்டாள். "அத நானே உள்ள வந்து எடுப்பேன். யாரு சொன்னாலும் வெளிய உக்கார மாட்டேன்."